துணை நாயகர்களின் கையைப் பிடித்து அமெரிக்கக் காமிக்ஸுக்குள் நுழைவது எப்படி?

சினிமாவில் பார்த்துப் பிடித்துப்போய், "சரி, மூலக் கதையையே படித்துவிடலாம்" என்று அமெரிக்கக் காமிக்ஸ் பக்கம் வருகிறவர்கள் பலர் தொடக்கத்திலேயே திணறிப்போகிறார்கள். சூப்பர்மேன் வந்தது 1938-இல். பேட்மேன் வந்தது 1939-இல். இருவரின் கதைகளும் இன்றுவரை வந்துகொண்டே இருக்கின்றன. பேட்மேனைச் சுற்றி மட்டும் ஒரே சமயத்தில் பல தொடர்கள் ஓடும். எதை எடுப்பது என்று கேட்டால் ஆளுக்கொரு பட்டியலை நீட்டுவார்கள். அந்தப் பட்டியல்கள் பெரும்பாலும் பெரிய நாயகர்களில்தான் தொடங்கும்.

நான் வேறு வழி சொல்கிறேன். பெரிய நாயகரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அவருக்குப் பக்கத்தில் நிற்கிறவரைப் பிடியுங்கள். ராபின், ஹாக்ஐ, ஃபால்கன், பார்பரா கார்டன், வாலி வெஸ்ட் என்று யாராவது ஒருவர்.

காரணம் எளிது. பேட்மேனை யாராலும் நிரந்தரமாக மாற்ற முடியாது. சினிமா, பொம்மை, சட்டை, பள்ளிக்கூடப் பை என்று எல்லாவற்றிலும் அவர் முகம் விற்கிறது. ஓர் எழுத்தாளர் அவர் முதுகெலும்பை உடைத்தாலும், இன்னொருவர் அவரைக் கல்யாண நாள் வரை கொண்டுபோனாலும், சில மாதங்களில் அவர் பழையபடி கோத்தம் நகரக் கூரைமேல் வந்து நின்றுவிடுவார். துணை நாயகர்களுக்கு இவ்வளவு காவல் கிடையாது. அதனால் அவர்களுக்கு வயது ஏறுகிறது, வேலை மாறுகிறது, உடம்பு கெடுகிறது, பெயரே மாறிப்போகிறது. முதல் ராபினான டிக் கிரேசனை எடுத்துக்கொள்ளுங்கள். 1940-இல் அவன் பெற்றோரைப் பறிகொடுத்த சர்க்கஸ் சிறுவன். 1969-இல் பேட்மேனான புரூஸ் வெயினின் மாளிகையை விட்டுக் கல்லூரிக்குப் போகிறான். 1984-இல் நைட்விங் என்ற பெயரில் தனி ஆளாக நிற்கிறார். 2009-இல் புரூஸ் வெயின் இல்லாத இடத்தில் பேட்மேன் உடையையே போட்டுக்கொள்கிறார். இத்தனை ஆண்டுகளில் புரூஸ் வெயினுக்கு வயது ஏறியதாகவே தெரியவில்லை. அமெரிக்க சூப்பர்ஹீரோ கதைகளில் காலம் உண்மையிலேயே நகர்வது துணை நாயகர்களுக்குத்தான். வாழ்க்கைக் கதை வேண்டும் என்றால் அவர்களிடம்தான் போக வேண்டும்.

படி 1: உங்கள் ஆளைத் தேர்ந்தெடுங்கள்

துணை நாயகர்கள் எல்லாரும் ஒரே வகை கிடையாது. உங்களுக்கு எந்த மாதிரிக் கதை பிடிக்கும் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதல் வகை, சிறுவர் கூட்டாளிகள். இந்த வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் ராபின். 1940 ஏப்ரல் தேதியிட்ட டிடெக்டிவ் காமிக்ஸ் 38-ஆம் இதழில் வந்தார். தனியாகத் திரியும் பேட்மேனுக்குப் பேச ஓர் ஆள் வேண்டும் என்று எழுத்தாளர் பில் ஃபிங்கர் நினைத்தார். வாசகச் சிறுவர்கள் தங்களை வைத்துப் பார்க்கவும் ஒரு பையன் தேவைப்பட்டான். அது பிடித்துப்போகவே மற்ற பெரிய நாயகர்களுக்கும் ஆளுக்கொரு சிறுவன் வந்துசேர்ந்தான். கேப்டன் அமெரிக்காவுக்கு 1941-இல் பக்கி, கிரீன் ஆரோவுக்கு அதே ஆண்டில் ஸ்பீடி. வளர்ந்து ஆளாவது, குருவோடு முரண்படுவது, பிரிந்துபோவது போன்ற கதைகள் பிடிக்கும் என்றால் இந்த வகைதான் உங்களுக்கு. இவை பெரும்பாலும் பேட்மேனை வெளியிடும் டிசி பதிப்பகத்தின் பக்கம்தான் கிடைக்கும். அதன் போட்டிப் பதிப்பகமான மார்வெலின் ஆசிரியர் ஸ்டான் லீக்குச் சிறுவர் கூட்டாளி என்ற யோசனையே பிடிக்காது. 1964-இல் கேப்டன் அமெரிக்காவைத் திரும்பக் கொண்டுவந்தபோது, பக்கி போரின் கடைசியில் இறந்துவிட்டான் என்று கதையை முடித்துவைத்தார்.

இரண்டாவது வகை, அணியில் இருந்தும் பெரிதாகக் கவனிக்கப்படாதவர்கள். ஹாக்ஐ இதற்கு நல்ல உதாரணம். 1964-இல் அயர்ன் மேனை எதிர்க்கும் வில்லனாக வந்து, 1965-இல் அவெஞ்சர்ஸ் அணியில் சேர்ந்தார். கடவுளும் ராட்சதனும் இருக்கும் அணியில் வில்லும் அம்பும் மட்டும் வைத்திருக்கிற மனிதர். விசேஷ சக்தி எதுவும் கிடையாது.

மூன்றாவது வகை, பெயரைச் சுமக்க வருகிறவர்கள். ஃபிளாஷின் துணையாக இருந்த வாலி வெஸ்ட், ஃபிளாஷாக இருந்த பாரி ஆலன் இறந்தபின் 1986-இல் தானே ஃபிளாஷ் ஆனார். பாரி திரும்பி வர 20 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் ஒரு தலைமுறை வாசகர்களுக்கு ஃபிளாஷ் என்றால் வாலிதான் என்று ஆகிவிட்டது. ஃபால்கன் என்ற சாம் வில்சனையும் இந்த வகையில் சேர்க்கலாம். 1969-இல் ஸ்டான் லீயும் ஜீன் கோலனும் அவரைக் கொண்டுவந்தார்கள். பெரிய பதிப்பகங்களின் காமிக்ஸில் முதல் ஆப்பிரிக்க-அமெரிக்க சூப்பர்ஹீரோ அவர்தான். 1971 முதல் 1978 வரை இதழின் அட்டையிலேயே 'கேப்டன் அமெரிக்கா அண்ட் தி ஃபால்கன்' என்று இரண்டு பெயரும் இருந்தன. 2014-இல் கேப்டன் அமெரிக்காவின் கேடயம் அவர் கைக்கே வந்தது.

நான்காவதாக, சக்தியும் முகமூடியும் இல்லாத ஆட்கள். சூப்பர்மேனின் தோழி லோயிஸ் லேன், நண்பன் ஜிம்மி ஓல்சன், பேட்மேனின் வீட்டுப் பணியாளர் ஆல்ஃபிரட், போலீஸ் கமிஷனர் கார்டன். இவர்களை ஓரமாகத் தள்ளிவிடாதீர்கள். ஜிம்மி ஓல்சனுக்கு 1954 முதல் 1974 வரை 163 இதழ்கள் கொண்ட சொந்தத் தொடர் இருந்தது. மார்வெலை விட்டு டிசிக்கு வந்த ஓவியர் ஜாக் கிர்பி 1970-இல் முதலில் கையில் எடுத்ததும் அந்தத் தொடரைத்தான். டிசி உலகத்தின் மிகப் பெரிய வில்லனான டார்க்சைட் முதன்முதலாகத் தலைகாட்டியது சூப்பர்மேன் இதழில் கிடையாது. ஜிம்மி ஓல்சனின் 134-ஆம் இதழில், ஒரு திரையில் தெரியும் முகமாகத்தான் வந்தார். பெரிய இதழ்களில் துணிந்து செய்ய முடியாததை ஓரத்து இதழ்களில் செய்துபார்க்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பேரை ஒன்றாகத் தொடர ஆசை வரும். முதல் சில மாதங்களுக்கு வேண்டாம்.

படி 2: முதல் இதழில் தொடங்காதீர்கள்

புதியவர்கள் எடுக்கும் இயல்பான முடிவு, அந்தப் பாத்திரம் முதலில் தோன்றிய கதையைத் தேடிப்போவது. துணை நாயகர்கள் விஷயத்தில் இது சரிப்படாது. அவர்கள் முதலில் வரும்போது வேறொருவரின் கதைக்கு உதவியாகத்தான் வருகிறார்கள். 1940-ஆம் ஆண்டு ராபினிடம் துள்ளலும் சிரிப்பும் இருக்கும், ஆனால் டிக் கிரேசன் என்ற ஆள் அங்கே இன்னும் உருவாகியிருக்க மாட்டார்.

அதற்குப் பதிலாக, அவர் பெரிய நாயகரின் நிழலை விட்டு வெளியே வந்த இடம் எது என்று தேடுங்கள். ஒவ்வொரு நல்ல துணை நாயகருக்கும் அப்படி ஓர் இடம் இருக்கிறது. அதுதான் உங்கள் வாசல்.

டிக் கிரேசனுக்கு அந்த வாசல் பேட்மேன் இதழ்களிலேயே இல்லை. மார்வ் உல்ஃப்மேனும் ஜார்ஜ் பெரஸும் 1980-இல் தொடங்கிய நியூ டீன் டைட்டன்ஸ் தொடரில் இருக்கிறது. அங்கே அவர் இளைஞர் அணியின் தலைவர். 39-ஆம் இதழில், இனி நான் ராபின் இல்லை என்று நண்பர்கள் முன்னால் சொல்லி உடையைக் கழற்றி வைக்கிறார். சண்டையோ வெடியோ எதுவும் இல்லாத காட்சி. அதே இதழில் வாலி வெஸ்டும் கிட் ஃபிளாஷ் வேலையிலிருந்து விலகுகிறார். சில மாதங்கள் கழித்து, 1984 ஜூலை தேதியிட்ட 44-ஆம் இதழில், டிக் நைட்விங்காக வெளியே வருகிறார். இரண்டு இதழ்களுக்கும் நடுவே அவருக்குப் பெயரே கிடையாது. அந்த இடைவெளியைச் சேர்த்துப் படித்தால்தான் 44-ஆம் இதழின் கனம் புரியும்.

அந்தப் பெயருக்கும் ஒரு பின்கதை இருக்கிறது. 1963-இல் வந்த ஒரு சூப்பர்மேன் கதையில், சூப்பர்மேனும் ஜிம்மி ஓல்சனும் காண்டோர் என்ற நகரத்தில் மாறுவேடம் போட வேண்டியிருக்கிறது. பேட்மேனையும் ராபினையும் மனதில் வைத்து நைட்விங், ஃபிளேம்பேர்ட் என்று பெயர் வைத்துக்கொள்கிறார்கள். ராபினைப் பார்த்து வந்த ஜோடியின் பெயர், 20 ஆண்டுகள் கழித்து ராபினிடமே வந்துசேர்ந்தது. துணை நாயகர்களைத் தொடர்ந்து படித்தால் இந்த மாதிரி இழைகள் கையில் சிக்கிக்கொண்டே இருக்கும்.

1980-களின் வசனம் நிறைந்த நடை உங்களுக்குப் பழகவில்லை என்றால் நைட்விங்குக்கு இன்னொரு வாசலும் உண்டு. 2021-இல் எழுத்தாளர் டாம் டெய்லரும் ஓவியர் புரூனோ ரெடொண்டோவும் 78-ஆம் இதழிலிருந்து தொடரைக் கையில் எடுத்தார்கள். 78 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பழைய கதை தெரியாதவர்களுக்கும் புரியும்படிதான் தொடங்குகிறது. இறந்துபோன ஆல்ஃபிரட் தன் சொத்தையெல்லாம் டிக்குக்கு எழுதிவைத்திருக்கிறார். கையில் இவ்வளவு பணம் வந்தால் ஒரு நல்ல மனிதன் தன் ஊருக்கு என்ன செய்வான் என்பதுதான் கதை. அந்த ஊரின் பெயர் பிளட்ஹேவன். கோத்தமைவிட மோசமான ஊர். வழியில் மூன்று கால் நாய்க்குட்டி ஒன்றும் அவரோடு சேர்ந்துகொள்கிறது. 78 முதல் 83 வரை 'லீப்பிங் இன்டு தி லைட்' என்ற தொகுப்பில் கிடைக்கும். அப்புறம் 87-ஆம் இதழைத் தவறவிடாதீர்கள். எல்லாப் பக்கங்களையும் வரிசையாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே நீளமான படமாக இருக்கும்படி வரையப்பட்டது. நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை டிக் ஓடிக்கொண்டே இருப்பார்.

படி 3: எண்களைப் பழகிக்கொள்ளுங்கள்

இங்கேதான் பலர் கைவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இது ஒருமுறை பிடிபட்டால் போதும்.

அமெரிக்கக் காமிக்ஸ் பெரும்பாலும் 20 பக்கம் சொச்சம் கதை கொண்ட மெல்லிய மாத இதழாக வருகிறது. ஐந்தாறு இதழ்கள் சேர்ந்தால் ஒரு கதை முடியும். அந்த ஐந்தாறு இதழ்களையும் சேர்த்துப் புத்தகமாகப் போடுவார்கள். அதுதான் ட்ரேட் பேப்பர்பேக். புதியவர்கள் வாங்க வேண்டியது இதைத்தான். இன்னும் பல இதழ்களைச் சேர்த்துக் கெட்டி அட்டையில் தலையணை கனத்துக்கு வருவது ஆம்னிபஸ். அது பிடித்தபிறகு வாங்க வேண்டியது.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், ஒரே பெயரில் தொடர் மறுபடி மறுபடி 1-ஆம் எண்ணிலிருந்து தொடங்கும். 'ஹாக்ஐ எண் 1' என்று தேடினால் 1983, 1994, 2003, 2012, 2016 என்று வெவ்வேறு ஆண்டுகளின் முதல் இதழ்கள் வந்து நிற்கும். ஆகவே எண்ணை மட்டும் குறித்துவைத்தால் பிரயோஜனம் இல்லை. தொடரின் பெயர், தொடங்கிய ஆண்டு, எழுத்தாளர் பெயர் மூன்றையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். "2012 ஹாக்ஐ, மேட் ஃபிராக்ஷன்" என்று தேடினால் தவறாது. அட்டையில் போட்டிருக்கும் மாதம், இதழ் உண்மையில் கடைக்கு வந்த மாதத்துக்கு ஒன்றிரண்டு மாதம் பிந்தியதாக இருக்கும். தேதிகள் பொருந்தவில்லையே என்று குழம்ப வேண்டாம்.

தொகுப்புகளிலும் ஒரு பொறி இருக்கிறது. அதே 2012 ஹாக்ஐ தொடர் மொத்தம் 22 இதழ்கள். நான்கு தொகுப்புகளாக வந்தது. முதல் தொகுப்பில் 1 முதல் 5 வரை, இரண்டாவதில் 6 முதல் 11 வரை. மூன்றாவதைத் திறந்தால் 14, 16, 18, 20 என்று இரட்டைப்படை எண்களும் ஓர் ஆண்டு மலரும் மட்டுமே இருக்கும். மீதி 12, 13, 15, 17, 19, 21, 22 எல்லாம் நான்காவது தொகுப்பில். அச்சுப் பிழை கிடையாது. கதை அந்த இடத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஹாக்ஐ பெயரைப் பகிர்ந்துகொள்ளும் இளையவளான கேட் பிஷப் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய்விடுகிறாள், மூத்த ஹாக்ஐயான கிளின்ட் பார்ட்டன் நியூயார்க்கிலேயே இருக்கிறார். ஒருவர் கதையை ஒரே மூச்சில் படிக்கட்டும் என்று பிரித்துத் தொகுத்தார்கள். இரண்டு தொகுப்புகளையும் வைத்துக்கொண்டு எண் வரிசைப்படி மாற்றி மாற்றிப் படித்தாலும் நன்றாகத்தான் இருக்கும். எந்தத் தொகுப்பை வாங்கும் முன்பும் உள்ளே எந்தெந்த இதழ்கள் இருக்கின்றன என்ற வரியைப் பார்த்துவிடுங்கள். புத்தகத்தின் முன்பக்கத்திலோ விற்பனைத் தளத்தின் விவரத்திலோ கட்டாயம் இருக்கும்.

படி 4: மெதுவாகப் படியுங்கள்

காமிக்ஸ் என்றால் வேகமாகப் புரட்டிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு, அந்த ஹாக்ஐ தொடரின் 11-ஆம் இதழையே பயிற்சியாகக் கொடுப்பேன்.

அந்த இதழ் முழுவதும் ஒரு நாயின் பார்வையில் போகிறது. லக்கி என்ற அந்த ஒற்றைக்கண் நாய், கிளின்ட் குடியிருக்கும் கட்டடத்தில் நடந்த ஒரு கொலையைத் துப்பறிகிறது. ஓவியர் டேவிட் ஆஹா பக்கத்தைச் சின்னச் சின்னக் குறிகளால் நிரப்புகிறார். நாய் ஒருவரைப் பார்த்ததும் அவரைச் சுற்றி அவர் வாசனைகள் படங்களாக விரிகின்றன. மனிதர்கள் பேசுவது நாய்க்குப் புரியாது, ஆகவே வசனப் பலூன்களில் கிறுக்கல்தான் இருக்கும். நடுவில் நாய்க்குத் தெரிந்த ஓரிரு சொற்கள் மட்டும் எழுத்தாகத் தெரியும். கிளின்ட்டும் கேட்டும் பிரியும் சண்டையை இந்த இதழில் நாம் அப்படித்தான் கேட்கிறோம். என்ன சண்டை என்று முழுதாகத் தெரியாது, ஆனால் யார் போகிறார்கள், யார் இருக்கிறார்கள் என்பது நாய்க்கு எப்படித் தெரியுமோ அப்படி நமக்கும் தெரிந்துவிடுகிறது. 2014-இல் சிறந்த தனி இதழுக்கான ஐஸ்னர் விருது இதற்குக் கிடைத்தது. காமிக்ஸ் துறையில் இது பெரிய மரியாதை.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அவெஞ்சர்ஸின் பெரிய தொடரில் ஒரு முழு இதழை நாய்க்குக் கொடுக்க இடமே இருக்காது. உலகம் அழியப்போகும்போது நாயை யார் பார்ப்பார்கள்? துணை நாயகரின் இதழில் வாடகை, வீட்டுக்காரர்கள், மொட்டைமாடிச் சமையல், நாய் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது.

இன்னொரு இதழையும் சொல்லிவிடுகிறேன். 19-ஆம் இதழில் கிளின்ட்டுக்குக் காது கேட்காமல் போகிறது. வசனப் பலூன்கள் வெறுமையாக இருக்கின்றன. முக்கியமான பேச்சு சைகை மொழியில் நடக்கிறது. சைகைகளைப் படமாக வரைந்திருக்கிறார்கள், கீழே பொருள் போடவில்லை. கேட்காதவர்களுக்குத் தினமும் நடப்பது நமக்கு ஒருமுறை நடக்கிறது. 1983-இல் வந்த நான்கு இதழ் ஹாக்ஐ குறுந்தொடரில், வில்லனின் பிடியிலிருந்து தப்பிக்க ஒலி அம்பின் முனையை வாயில் வைத்து வெடிக்கச் செய்து அவர் செவித்திறனை இழந்தார். அந்தப் பழைய காயத்தை 30 ஆண்டுகள் கழித்து ஒருவர் எடுத்து இப்படிப் பயன்படுத்துகிறார்.

படி 5: பாத்திரத்தைவிட எழுத்தாளரைத் தொடருங்கள்

துணை நாயகர்கள் யார் கையில் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே வாழ்கிறார்கள். பார்பரா கார்டனின் கதையைப் படித்தால் இது நெஞ்சில் தைக்கும்.

கமிஷனர் கார்டனின் மகள், நூலகர், 1967 ஜனவரி தேதியிட்ட இதழில் பேட்கேர்ளாக வந்தவர். 1988-இல் 'தி கில்லிங் ஜோக்' கதையில் வீட்டு வாசலில் வைத்து ஜோக்கர் அவரைச் சுடுகிறான். அவள் அப்பாவைப் பைத்தியமாக்குவதற்காகத்தான் சுடுகிறான். இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோகிறது. அந்தக் கதை அப்பாவைப் பற்றியும் பேட்மேனைப் பற்றியும் ஜோக்கரைப் பற்றியும் பேசுகிறது, சுடப்பட்டவளை அப்படியே விட்டுவிடுகிறது. ஓவியம் எவ்வளவு அழகாக இருந்தாலும், இந்த ஒரு விஷயத்தில் அந்தப் புத்தகத்தோடு எனக்கு இன்றும் சமாதானம் இல்லை.

கிம் யேல், ஜான் ஆஸ்ட்ரேண்டர் என்ற எழுத்தாளத் தம்பதிக்கும் அது பொறுக்கவில்லை. அடுத்த ஆண்டே, தாங்கள் எழுதிவந்த சூசைட் ஸ்குவாட் தொடரின் 23-ஆம் இதழில், ஆரக்கிள் என்ற பெயரில் யாரோ ஒருவர் கணினி வழியாக உதவி செய்யத் தொடங்குகிறார். யார் என்று வாசகருக்குச் சொல்லவில்லை. 38-ஆம் இதழில்தான் தெரிகிறது, சக்கர நாற்காலியில் இருக்கும் பார்பரா. பிறகு டிசி உலகத்தில் எந்த நாயகருக்குத் தகவல் வேண்டுமென்றாலும் அவரைக் கேட்கும் நிலை வந்தது. 1996-இல் சக் டிக்சன் எழுதிய பேர்ட்ஸ் ஆஃப் பிரே தனி இதழும், 1999-இல் தொடங்கிய அதே பெயர்த் தொடரும் அவரை மையத்தில் வைத்தன. 2003-இல் கெயில் சிமோன் 56-ஆம் இதழிலிருந்து எழுதத் தொடங்கியதும் அது இன்னும் செழித்தது. ஆரக்கிளைப் படிக்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்லும் வாசல் அந்த 56-ஆம் இதழ்தான். அதற்கு முன்னால், 1996-இல் பேட்மேன் குரோனிகிள்ஸ் 5-ஆம் இதழில் யேலும் ஆஸ்ட்ரேண்டரும் எழுதிய 'ஆரக்கிள் இயர் ஒன்' சிறுகதையைப் படித்துவிட்டுப் போங்கள். மருத்துவமனைக் கட்டிலில் தொடங்கி, கழியை வைத்துத் தற்காப்புக் கலை கற்பது வரை, பெரிய கதை சொல்லாமல் விட்டதை அது சொல்கிறது.

ஆகவே ஒரு தொகுப்பு பிடித்திருந்தால் அட்டையில் இருக்கும் பாத்திரத்தின் பெயரைவிட எழுத்தாளர், ஓவியர் பெயர்களைக் குறித்துவையுங்கள். வண்ணம் தீட்டியவர் பெயரையும்தான். ஹாக்ஐயின் ஊதா நிறப் பக்கங்கள் மேட் ஹாலிங்ஸ்வொர்த் இல்லாமல் வந்திருக்காது. பெயர்களைக் கவனிப்பது அவர்களுக்குச் செய்யும் நியாயமும்கூட. ராபினை உருவாக்கியதில் பெரும்பங்கு வகித்த பில் ஃபிங்கர் 1974-இல் இறந்தார். பேட்மேனை உருவாக்கியவர் என்ற வரியில் பாப் கேனோடு அவர் பெயரும் சேர்ந்து வரத் தொடங்கியது 2015-இல்தான்.

படி 6: சாவுக்கும் புதுத் தொடக்கத்துக்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்

துணை நாயகர்களுக்குக் காவல் இல்லை என்று சொன்னேன். அதன் கசப்பான பக்கம் இது.

டிக் வளர்ந்து போனபின் இரண்டாவது ராபினாக வந்தவன் ஜேசன் டாட். 1988-இல் டிசி நிறுவனம் பேட்மேன் 427-ஆம் இதழில் அவனை ஜோக்கர் வைத்த குண்டின் வெடிப்பில் சிக்கவைத்து, இரண்டு தொலைபேசி எண்களைக் கொடுத்தது. பிழைக்க வேண்டும் என்றால் ஒன்று, சாக வேண்டும் என்றால் இன்னொன்று. ஓர் அழைப்புக்கு 50 சென்ட். சாக வேண்டும் என்று 5,343 அழைப்புகள், பிழைக்க வேண்டும் என்று 5,271. வெறும் 72 அழைப்பு வித்தியாசத்தில் ஒரு பையன் செத்தான். ஓவியர் ஜிம் அப்பாரோ இரண்டு முடிவுக்கும் பக்கங்கள் வரைந்து வைத்திருந்தார். 2005-இல் ரெட் ஹூட் என்ற பெயரில் கோபக்கார இளைஞனாக ஜேசன் திரும்பி வந்தான். என்னை ஏன் காப்பாற்றவில்லை என்பதைவிட, என்னைக் கொன்றவனை ஏன் இன்னும் உயிரோடு விட்டுவைத்திருக்கிறாய் என்று பேட்மேனைக் கேட்கிறான். அந்தக் கேள்விக்காகவே அந்தக் கதையைப் படிக்கலாம்.

பக்கியும் அப்படித்தான். 40 ஆண்டுகள் செத்தவனாகவே இருந்தவனை எட் புரூபேக்கரும் ஸ்டீவ் எப்டிங்கும் 2005 வாக்கில் விண்டர் சோல்ஜராகத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

சாவைவிட வாசகரை அதிகம் நோகடிப்பது மொத்த உலகத்தையும் அழித்துப் புதிதாக எழுதும் ரீபூட். 2011-இல் டிசி தன் தொடர்கள் எல்லாவற்றையும் 1-ஆம் எண்ணிலிருந்து தொடங்கியபோது, பார்பரா மறுபடி எழுந்து நடந்து பேட்கேர்ள் ஆனார். ஆரக்கிளைத் தங்களில் ஒருவராகப் பார்த்த மாற்றுத்திறனாளி வாசகர்கள் பலருக்கு அது பெரிய இழப்பு. அவர்கள் வருத்தம் நியாயமானது என்றே நினைக்கிறேன். இந்த மாதிரி ஒன்று நடந்தால் புதியவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எது இப்போது செல்லுபடியாகும், எது ஆகாது என்ற விவாதத்துக்குள் போகாதீர்கள். நீங்கள் படித்த கதை அச்சில் இருக்கிறது. அதை யாரும் திரும்பப் பெற முடியாது.

படி 7: கிராஸ்ஓவர் வந்தால்

நீங்கள் பாட்டுக்கு ஒரு தொடரைப் படித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று கதை பாதியில் வேறு தொடருக்குத் தாவும். ஓர் இதழின் தொடக்கத்தில் புரியாத போர் ஒன்று நடந்துகொண்டிருக்கும். இதுதான் கிராஸ்ஓவர். துணை நாயகர்களின் தொடர்கள் இதில் அடிக்கடி இழுபடும். மற்ற இதழ்களைத் துரத்திக்கொண்டு போகாதீர்கள். அந்த இதழை மேலோட்டமாகப் படித்துவிட்டு அடுத்த இதழுக்குப் போங்கள். நல்ல எழுத்தாளர் தேவையானதை இரண்டு வரியில் சொல்லிவிடுவார்.

படி 8: எங்கே படிப்பது, எப்படி வாங்குவது

மார்வெல் கதைகளுக்கு மார்வெல் அன்லிமிடெட் என்ற சந்தாச் செயலி இருக்கிறது. தாள் இதழ் வந்து ஏறக்குறைய 3 மாதம் கழித்து அதில் வரும். பழைய இதழ்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒரு மாதச் சந்தாவிலேயே ஹாக்ஐயின் 22 இதழ்களையும் முடித்துவிடலாம். டிசியின் செயலி எல்லா நாடுகளிலும் கிடைப்பதில்லை, உங்கள் நாட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தொகுப்புகளை இணையப் புத்தகக் கடைகளில் வாங்கலாம். சின்னத் திரையுள்ள போனில் பக்கம் பக்கமாகப் படிப்பது கண்ணுக்குக் கஷ்டம். டேப்லெட் இருந்தால் நல்லது. நைட்விங் 87 மாதிரி இதழை மட்டும் எப்படியாவது பெரிய அளவில் பாருங்கள்.

வாங்குவதில் ஒரு விஷயம். அமெரிக்காவில் காமிக்ஸ் கடைகள் இதழ்களைப் பெரும்பாலும் திருப்பிக் கொடுக்க முடியாத கணக்கில்தான் முன்கூட்டியே வாங்கிவந்திருக்கின்றன. விற்காத இதழ் கடைக்காரருக்கு நஷ்டம். அதனால் பேட்மேனைத் தைரியமாக வாங்குகிறவர்கள், துணை நாயகரின் புதுத் தொடரை யோசித்துத்தான் வாங்குவார்கள். வரவேற்பு குறைந்தால் தொடர் சீக்கிரம் நின்றுவிடும். ஆகவே உங்களுக்குப் பிடித்தவருக்குப் புதுத் தொடர் வருகிறது என்றால், வெளிவருவதற்கு முன்பே கேட்டுவையுங்கள். மாத இதழ் உங்கள் ஊருக்கு வராது என்றால் முதல் தொகுப்பையாவது வந்தவுடன் வாங்குங்கள்.

முதல் தொடரை முடித்ததும் அடுத்து எங்கே போவது? ஹாக்ஐ பிடித்திருந்தால் 2016-இல் கெல்லி தாம்சன் எழுதிய தொடருக்குப் போங்கள், அது முழுக்கக் கேட் பிஷப்பின் கதை. நைட்விங் பிடித்திருந்தால் டிக்கே பேட்மேனாக இருந்த காலத்தில் ஸ்காட் ஸ்னைடர் எழுதிய 'தி பிளாக் மிரர்', டிடெக்டிவ் காமிக்ஸ் 871 முதல் 881 வரை. அதில் கமிஷனர் கார்டனுக்கும் டிக்குக்கும் சமமான இடம். ஆரக்கிள் பிடித்திருந்தால் சூசைட் ஸ்குவாடின் பழைய இதழ்கள். சிரித்துக்கொண்டே படிக்க வேண்டும் என்றால் 2019-இல் மேட் ஃபிராக்ஷனும் ஸ்டீவ் லீபரும் செய்த ஜிம்மி ஓல்சன், மொத்தம் 12 இதழ்கள்.